நான்காம் நம்பருக்குக் குங்குமம்

செப். 29, திங்கள்

மூடுபனி. ஃப்ரீமான்ட் மலை தெரியவில்லை. காபி மெஷின் மறுபடி ரிப்பேர்.

320 மணி நேரம் ஓடியாயிற்று. இலக்கு 400. நூறு வருடப் பழைய கார்களுக்காகக் கம்பெனி புதிதாகச் செய்யும் காண்டாக்ட் பாயின்ட், ஆறு செட். இரண்டு உலோகப் பொட்டுகள். அவை திறந்து மூடினால்தான் எஞ்சினில் பொறி. மோட்டாரில் மாட்டி இரவு பகலாகச் சுழற்றுகிறோம். தினம் காலை ஐந்து நிமிடம் நிறுத்தம்: இடைவெளியை அளக்க, படம் எடுக்க. மற்றபடி கை வைக்கக் கூடாது. துடைக்க, தேய்க்க, எண்ணெய் விட, எதுவும் கூடாது. தேய்வதைப் பார்ப்பதுதானே வேலை.

4ஆம் நம்பரில் பொட்டைத் திறந்துவிடும் கட்டை தேய்கிறது. இடைவெளி சுருங்குகிறது. முழுக்க மூடிக்கொண்டால் பொறி வராது, கார் நின்றுவிடும்.

மதியம் வால்ட் வந்தார். எழுபதைத் தாண்டிய வாடிக்கையாளர், கையில் கிரீஸ் கறை. போன வருடம் வேறு யாரோ செய்த மட்டமான பாயின்ட், ரயில்வே கேட்டில் தண்டவாளத்தின் மேல் கார் நின்றுவிட்டதாம், பக்கத்து சீட்டில் மனைவி. இறங்கித் தள்ளினாராம். சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செப். 30, செவ்வாய்

344. 4ஆம் நம்பர் இன்னும் மோசம். பொட்டில் சின்னக் குழி வேறு. படம் எடுத்தேன்.

மேனேஜர் ரகுவிடம் காட்டினேன். கரூர்க்காரர், அமெரிக்காவில் இருபது வருடம். திரையைப் பார்க்காமலே, "வெள்ளிக்கிழமை ரிப்போர்ட், திங்கள் ஷிப்பிங். நெகட்டிவா யோசிக்காத முத்து" என்றார். பிறகு வழக்கமான கேள்வி.

"நீ சேலத்துல எந்தத் தெருன்னு சொன்ன?"

"சொல்லல. அபார்ட்மென்ட். நாலாவது மாடி."

மூன்று வருடமாகக் கேட்கிறார். ஒருமுறைகூட என்ன படித்தேன் என்று கேட்டதில்லை.

வாங்க வேண்டியவை: பால், தோசை மாவு, கார் பேட்டரி (!!)

அக். 1, புதன்

காலையில் கார் கிளம்பவில்லை. நேற்றே எழுதினேன், வாங்கவில்லை. ஊர் கார் பாகத்தையெல்லாம் சோதிக்கிறவன் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ஜம்பர் கேபிளுக்காகப் பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் நின்றேன். பேட்டரி வாங்கி மாட்டி லேபுக்குப் போனபோது மதியம் மூன்று மணி.

லேபில் சத்தம் இல்லை. மோட்டார் நிற்கிறது.

மேஜை முழுக்கப் பொரி, கடலை, வாழைப்பழம். மோட்டாருக்கு மாலை. கீழே எலுமிச்சம்பழம். ஆறு செட்டும் பளபளவென்று, ஒவ்வொன்றிலும் சந்தனம், குங்குமம்.

"ஆயுத பூஜைடா! இன்னைக்கு மெஷினுக்கு லீவு" என்றார் ரகு. "நானே கைப்பட தொடச்சேன். எமரி பேப்பர் போட்டு, ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு... நாலாம் நம்பர்ல கேப் கம்மியா இருந்துச்சு, அதையும் செட் பண்ணி வச்சுட்டேன். பொரி எடுத்துக்கோ."

பொரி எடுத்துக்கொண்டேன். வழக்கம்போல ஒரு படமும் எடுத்தேன்.

டெக்னீஷியன் லூயிஸ் பதிவேட்டில் பென்சிலால் எழுதியிருந்தான்: 9:00, 368 மணி, நிறுத்தம். என்னிடம் மெதுவாகக் கேட்டான், மெஷினுக்குப் பிறந்தநாளா என்று. ஆமாம், என்றேன். இன்றைக்குத்தான் புதிதாகப் பிறந்திருக்கிறது.

அக். 2, வியாழன்

வெயில். காலை ஒன்பதுக்கு ரகுவே ஸ்விட்ச் போட்டார். கும்பிட்டுவிட்டு.

4ஆம் நம்பர் அளவு: கச்சிதம். கச்சிதமாகத்தான் இருக்கும். தேய்ந்த இரண்டு வாரத்தை ஒரே நாளில் துடைத்துப் போட்டுவிட்டார். வேண்டுமென்று செய்யவில்லை. அதுதான் எரிச்சல். திருடன் என்றால் திட்டலாம்.

எல்லாம் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓட்ட வேண்டும் என்றேன்.

"கஸ்டமர் கேட்டா என்ன சொல்லுவ? பூஜை பண்ணோம்னா? அமெரிக்காக்காரன் சிரிப்பான். நம்ம விஷயத்த வெளில எழுதாத."

"எழுதலன்னா பொய் ரிப்போர்ட் ஆயிடும் ரகு."

"நாளைக்கு அளவு பாஸ்னா பாஸ். இதுல பொய் எங்க வந்துச்சு?" பிறகு தோளில் கை. "உன் கிரீன் கார்டு பேப்பர்ல அடுத்த வாரம் நான் கையெழுத்து போடணும். ஞாபகம் இருக்கு, கவலப்படாத."

மிரட்டல் இல்லை. அன்புதான். இந்த அன்புக்குப் பயந்துதான் இங்கே பாதிப் பேர் வாயைத் திறப்பதில்லை. நானும்தான். 'நம்ம விஷயம்' என்கிறார். தெரு கேட்கும்போது மட்டும் அந்த 'நம்ம'வில் நான் உண்டா இல்லையா என்று சந்தேகம் வந்துவிடுகிறது.

அக். 3, வெள்ளி

மாலை ஐந்து. 400. ஆறும் பாஸ்.

ரிப்போர்ட் படிவம். சோதனை இடையில் நின்றதா? ஆம் / இல்லை. காரணம்? இரண்டு வரி இடம். 'இல்லை'யில் டிக் போட்டேன். ரயில்வே கேட்டில் வால்ட் குனிந்து காரைத் தள்ளுவது கண்ணில் வந்தது. அழித்தேன்.

ஆம். ஆயுத பூஜை. பாயின்ட்கள் தேய்க்கப்பட்டன, எண்ணெய் விடப்பட்டது, 4ஆம் நம்பரின் இடைவெளி திருத்தப்பட்டது. முடிவு செல்லாது. ஷிப்பிங் கூடாது.

இரண்டு படம் இணைத்தேன். செவ்வாய்க்கிழமைக் குழி. புதன்கிழமைக் குங்குமம். படத்திலிருந்து எலுமிச்சம்பழத்தை வெட்டி எடுக்கவில்லை.

தரப் பிரிவுக்கு அனுப்பியாயிற்று, ரகுவுக்கும் நகல். 5:40.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரகு போனை எடுக்கிறார். படிக்கிறார். எழுந்திருக்கிறார்.