ஏழாம் எண் குடுவை

செப்டம்பர் 3, புதன்

என் புருஷன் ப்ரேபென் கடலோரத்துக் கோடை வீட்டுக்குப் போனது போன மாதம். இன்னும் வரவில்லை. "கொஞ்ச நாள் அங்க இருந்து பாக்கறேன்" என்றுதான் சொன்னான். எதைப் பார்க்க? கடலையா? ஃபியோர்டுக் கடற்கழியில் ஃபெர்ரி ஓட்டியே ஓய்வு பெற்றவன், கடலைப் பார்க்காதவனா?

சண்டை எதுவும் இல்லை. குரல்கூட உயரவில்லை. இரண்டு சட்டை, ரேடியோ, தூண்டில். பல் பிரஷ்ஷை விட்டுவிட்டுப் போயிருக்கிறானா என்று குளியலறையில் போய்ப் பார்த்தேன். எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறான். பிரஷ்ஷை எடுத்துப்போனால் என்ன அர்த்தம், எடுக்காவிட்டால் என்ன அர்த்தம் – எனக்கு இரண்டுமே தெரியவில்லை.

பக்கத்து வீட்டு லோனே கேட்டாள். "மீன் பிடிக்கப் போயிருக்கான்" என்றேன். பொய்யும் இல்லை.

செப்டம்பர் 11

அடுத்த மாதம் எங்கள் ஸ்னாப்ஸ் சங்கத்தின் போட்டி. வீட்டில் சாராயத்தில் செடி, கொடி, காய் ஊறவைத்துச் செய்யும் ஸ்னாப்ஸை எல்லோரும் கொண்டுவர வேண்டும். பேரில்லாமல், தலைவர் ஒட்டும் எண் மட்டும்; எது யாருடையது என்று அவருக்குத்தான் தெரியும். என் போர்ஸ் ஸ்னாப்ஸை ஜெயிக்க இங்கே ஆள் இல்லை. ஊரில் என்னை 'போர்ஸ் போடில்' என்றே கூப்பிடுகிறார்கள்.

ஜூனில் சதுப்பில் இறங்கிப் போர்ஸ் செடியின் இலையைப் பறித்தது நான். ஊறவைத்தது, வடிகட்டியது, எல்லாம் நான். அந்தக் கெட்டிச் சாற்றைச் சாதா அக்வாவிட் சாராயத்தில் கலந்து பாட்டிலில் அடைப்பது மட்டும் ப்ரேபென் வேலை. கேன் தூக்குகிற வேலை, அதனால் அவனிடம் விட்டிருந்தேன்.

ஃபோன் செய்தேன்.

"சாறு ஜாடி எங்க?"

"ஷெட்ல, கீழ்த்தட்டுல."

"எவ்வளவு ஊத்தணும்?"

பின்னால் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

"உன் அளவு உனக்குத் தெரியாதா போடில்?" என்றான்.

அதில் என்ன இருந்தது? கேலியா? அளவு எனக்குத் தெரியும், எப்போது வருகிறாய் என்று கேட்கத்தான் ஃபோன் செய்தேன். கேட்காமலே வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

கலந்தேன். சாறு ஒரு பங்கு, அக்வாவிட் மூன்று பங்கு. எப்போதும் நான் சொல்கிற அளவு. மதியம் முழுக்க ஜாடிக்கு மேல் குனிந்து நின்றதில் மூக்கு மரத்துப்போய்விட்டது. கடைசியில் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். அழுத்தமாக இருந்தது. எனக்கு அப்படித்தான் பிடிக்கும்.

செப்டம்பர் 27

அவன் பிறந்தநாள். வாழ்த்து அனுப்பினேன். "நன்றி" என்று பதில். ஒரே வார்த்தை. ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அக்டோபர் 4, சனி

எழுதவே கை கூசுகிறது. எழுதித்தான் ஆக வேண்டும்.

வழக்கம்போலச் சங்கக் கட்டிடத்தில். கறுப்பு ரொட்டி, ஹெர்ரிங் மீன், பன்றிக் கொழுப்பு. மேஜை நடுவில் வரிசையாகக் குடுவைகள். ஒவ்வொன்றாகக் குடித்துவிட்டு, மனதில் பட்டதை எல்லோர் முன்னாலும் சொல்லி மதிப்பெண் போட வேண்டும். மூன்றாம் எண்ணில் சதகுப்பை, இளசாக, நன்றாக இருந்தது. ஐந்தில் யாரோ சீமைச் சீரகத்தை வறுத்தே போட்டிருந்தார்கள். எனக்கு நல்ல உற்சாகம். என் முறை வந்தால் எல்லோரும் சாய்ந்து உட்கார்ந்து கேட்பார்கள்.

ஏழு வந்தது. போர்ஸ்தான், ஆனால் வாசமே முரட்டுத்தனம், என்னுடையது இல்லை. வேறு யாரோ போர்ஸ் செய்ய ஆரம்பித்துவிட்டார்களே என்று எரிச்சல். ஒரு வாய் வைத்தேன். கசப்பு நாக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது.

"இதைக் கலந்தவங்க வீட்டுல வேற யாருக்கும் பேச வாய்ப்பே கிடைக்காது போல" என்றேன். மேஜை முழுக்கச் சிரிப்பு. லோனே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பத்துக்கு இரண்டு போட்டேன். அதுவும் இலையைப் பறித்த பாவத்துக்காக.

கடைசியில் தலைவர் க்ரெஸ்டென் எந்த எண் யாருடையது என்று படித்தார். ஏழுக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"போடில்... ஏழு உன்னுது."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

அக்டோபர் 5

லோனே சூப் கொண்டுவந்தாள், யாரோ செத்துப்போன வீட்டுக்குக் கொண்டுவருவதுபோல. உப்பு போதவில்லை. சொல்லவில்லை.

அக்டோபர் 9

அதே சதுப்பு, அதே இலை, அதே ஜாடி, அதே அளவு. பிறகு எப்படி?

போன வருடத்துப் பாட்டிலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றி வைத்தேன். போன வருடத்தது நிறமே வெளிறி இருக்கிறது. முதலில் போர்ஸ் வாசம் வருகிறது, பிறகு விலகிக்கொள்கிறது, பின்னால் ஏதோ ஒன்று இனிப்பாக வருகிறது. அது என்ன? இத்தனை வருடம் இது என் கைப்பக்குவம் என்று நினைத்திருந்தேன். அதில் என்ன இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை.

அவன் என்னவோ சேர்த்திருக்கிறான். என்னிடம் சொல்லாமல்.

அக்டோபர் 12, ஞாயிறு

தேன் சேர்த்துப் பார்த்தேன். இல்லை. சதகுப்பை விதை – இல்லை. ஒரு துளி ஆரஞ்சுத் தோல் – சீச்சீ. சமையலறை பூராவும் கோப்பை. துப்பித் துப்பி வாய் புண்ணாகிவிட்டது. எதைத் தேடுகிறேன், அவன் போட்ட இலையையா, அவன் ஏன் போனான் என்பதையா?

போய்க் கேட்டுவிடுவது. சனிக்கிழமை.

அக்டோபர் 18, சனி

கோடை வீடு வெளியே பாசி பிடித்திருந்தாலும் உள்ளே சுத்தமாக இருந்தது. காப்பி போட்டுக் கொடுத்தான். இளைத்திருக்கிறான். அவனுக்கு அது நன்றாகவே இருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது.

"அதுல என்ன சேர்த்த?" என்று எடுத்த எடுப்பில் கேட்டேன்.

"எதுல?"

"நடிக்காத ப்ரேபென். போர்ஸ்ல."

"ஒண்ணும் சேர்க்கல." கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தான். "நீ சொல்ற சாறுல பாதிதான் ஊத்துவேன். அக்வாவிட்லயே ஒரு இனிப்பு இருக்கு. அது தெரியணும்ல."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேன். முதல் வருஷமே சொன்னேன். உனக்கு நாக்கே கிடையாதுன்னுட்ட. அப்புறம் ஷெட்டுக்குள்ள நீ வரவும் இல்ல, நான் சொல்லவும் இல்ல."

"அதுக்காகவா வீட்டை விட்டு வந்த?"

"அதுக்காக இல்ல." நிறைய நேரம் யோசித்தான். நான் இரண்டு தடவை வாயைத் திறந்துவிட்டேன். "இங்க நான் நினைச்சதை முழுசா நினைச்சு முடிக்க முடியுது. அவ்வளவுதான்."

"திரும்பி வருவியா?"

"தெரியல."

தெரியலயாம்.

அக்டோபர் 19

நான் அப்படிச் சொன்னேனா? உனக்கு நாக்கே கிடையாதுன்னு? ஞாபகமே இல்ல. சொல்லியிருப்பேன். சொல்லக்கூடிய ஆள்தான் நான். ஆனா இவன்? இத்தனை வருஷம் வாயை மூடிக்கிட்டு, பரிசுக் கோப்பையை நான் வாங்கறப்பல்லாம் பின்வரிசையில உக்காந்து கை தட்டினானே – அதுக்குப் பேர் என்ன? அன்பா? ஏமாத்தா? என் மேல பயமா? எவன் கேட்டான் இவனை, எனக்காகப் பொறுத்துப் போன்னு?

அந்த ஏழாம் எண் குடுவை என் குணத்தைச் சொல்லிக் காட்டிவிட்டதாக ஊர் பேசும். பேசட்டும். கசப்பு கசப்புதான், அது குணமில்லை.

ஆனால் அதற்கு இரண்டு மதிப்பெண் போட்டது நான்தான்.

நவம்பர் 8

க்ரெஸ்டெனுக்கு ஃபோன் செய்தேன். இதுவரை வாங்கிய பரிசில் எல்லாம் பாதி ப்ரேபெனுடையது, கலந்தது அவன், சங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டியது என் கடமை என்று, யோசித்து வைத்திருந்ததைக் கடகடவென்று சொன்னேன்.

"அது ஊருக்கே தெரியுமே" என்றார் கிழவர்.

"என்ன தெரியும்?"

"அவன்தான் கலக்கறான்னு. உனக்குத் தெரியாதுங்கறதுதான் எங்களுக்குத் தெரியாது."

வைத்துவிட்டேன். பிறகு தனியாக உட்கார்ந்து சிரித்தேன், ஏன் என்று தெரியவில்லை. சிரித்து முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

நவம்பர் 23

கிறிஸ்துமஸ் இரண்டாம் நாள் சாப்பாட்டுக்கு வருகிறாயா என்று ப்ரேபெனிடம் கேட்டேன். "வரேன்" என்றான். எதற்கு வருகிறான், விருந்துக்கா, தன் முடிவைச் சொல்லவா? கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது இவ்வளவு சிரமமா?

டிசம்பர் 26, வெள்ளி

வந்தான். கதவைத் தட்டினான். சாவி அவனிடமே இருக்கிறது, ஆனாலும் தட்டினான். ஷூவைக் கழற்றி வாசல் ஓரமாக, விருந்தாளி மாதிரி ஒழுங்காக வைத்தான். உள்ளே போய் ஹெர்ரிங்கை எடுத்து வைத்தேன்.

பாதிச் சாறு ஊற்றிக் கலந்திருந்தேன். பயத்தில் பாதிக்கும் கீழே போய்விட்டது.

கோப்பையைத் தூக்கினோம். கண்ணைப் பார்த்தோம், குடித்தோம். கோப்பையை இறக்குமுன் மறுபடி பார்க்க வேண்டும், அதுதான் வழக்கம். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கோப்பையை இறக்கவில்லை. நான் நிமிர்கிறவரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான்.

"தண்ணியா இருக்கு" என்றான்.

"அப்படியா?"

"இன்னும் கொஞ்சம் ஊத்தியிருக்கலாம்."

நீதானே பாதி என்றாய் என்று நாக்கு நுனிவரை வந்தது. ரொட்டித் தட்டை அவன் பக்கம் நகர்த்தினேன். சாப்பிட்டோம். வெளியே மழை. நான் எதுவும் சொல்லாததால் அவன் இரண்டு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தான், உடம்பு சரியில்லையோ என்பதுபோல.

காப்பிக்குப் பிறகு சொன்னான்: "மார்ச்ல வீட்டுக்கு வந்துடறேன்."

மார்ச் எதற்கு? இன்றைக்கு வந்தால் என்ன, அறை இருக்கிறது, படுக்கை இருக்கிறது, மழை வேறு பெய்கிறது, இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

"சரி" என்றேன்.