பாதியில் நிற்கும் முள்

மஸ்கட்

அன்புள்ள அப்பாவுக்கு முருகானந்தத்தின் வணக்கம். நான் சுகம். அம்மாவின் முட்டுவலி தேவலையா? நம்மூர் கூக்காலில் குளிர் கூடிவிட்டதா?

லீவில் வந்தபோது நம் பழைய ஜீப்பின் டேஷ்போர்டைக் கழற்றி, பாலீஷ் போட்டு, மீட்டர்களுக்குப் புதுக் கண்ணாடி மாட்டினேன். டீசல் மீட்டரும் இனி ஓடும் என்று நம்பி, டேங்க்கில் விட்டு அளக்கும் மூங்கில் குச்சியை அன்றே அடுப்பில் வைத்துவிட்டீர்கள்.

நேற்று போனில், டீசல் தீர்ந்து ஜீப் நடுவழியில் நின்றதைச் சிரித்தபடியே சொன்னீர்கள். “நீ மாட்டுன மீட்டரு பொய் சொல்லாதுலே. எனக்குத்தான் கண்ணு மங்கிப்போச்சு. இனி வண்டியத் தொட மாட்டேன்.” சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் இருந்தது.

டேங்க்குக்குள் மிதந்து டீசல் மீட்டரின் முள்ளை அசைக்கும் மிதவை எங்கும் கிடைக்கவில்லை. லீவும் முடிந்துவிட்டது. உங்கள் முகம் வாடக் கூடாதென்று முள்ளைப் பாதியில் நிறுத்திப் பசை போட்டு ஒட்டினேன்.

புதுக் குச்சி ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். யாராவது இங்கே வந்தால் கொஞ்சம் மலைப்பூண்டும், நீங்கள் ஜீப் ஓட்டுகிற போட்டோ ஒன்றும் கொடுத்துவிடுங்கள்.

கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது. கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம். உங்கள் கண்ணுக்கு ஒன்றுமில்லை அப்பா.

முருகானந்தம்