ஏழு தடவை போதும் என்றாயே

கோலியனூர்
வியாழக்கிழமை

அன்பு மகள் கலைமதிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் கைகால் சுகத்தோடு நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீ, மாப்பிள்ளை சீனுவாசன், குட்டி இனியவன், இன்னும் பேர் வைக்காத அந்த நாலாவது ஆள் எல்லாரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். தினம் போனில் பேசுகிறவள் திடீரென்று காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டாளே என்று பதறாதே. எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறோம். போனில் பேசினால் நடுவில் இனியவன் வந்து பொம்மையைக் காட்டுவான், உன் அப்பா பக்கத்திலிருந்து உங்கள் லீட்ஸ் ஊரில் மழையா வெயிலா என்று கேட்பார், நான் சொல்ல வந்ததை விழுங்கிவிடுவேன். போன ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் விழுங்கினேன். எழுதினால் விழுங்க முடியாது. எழுதி முடித்ததும் உன் தம்பி மணிமாறன் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவான். படிக்காமல் அனுப்புடா என்று சொல்லியிருக்கிறேன், படிக்காமல் விடமாட்டான், அவனைப் பற்றி உனக்குத் தெரியாததா.

மல்லாட்டை பிடுங்கி முடிந்தது. ஆள் கிடைக்காமல் உன் அப்பாவும் நானுமே பாதி நாள் உட்கார்ந்து செடியிலிருந்து கடலையை ஆய்ந்தோம். அவர் ஆய்ந்ததைவிட வாயில் போட்டுக்கொண்டதுதான் அதிகம். கேட்டால் பதம் பார்க்கிறாராம். இரண்டாவது பேரப்பிள்ளை வரப்போகிறது என்று டீக்கடை வரைக்கும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அதற்கு அங்கே இருந்தவர்கள், ரெண்டாவதுதானே, தன்னால பொறந்துடும் என்றார்களாம். அதை என்னவோ நல்ல வாக்கு மாதிரி என்னிடம் வந்து சொல்கிறார். தலைச்சன் பிள்ளைக்கு வளைகாப்பு, அஞ்சு வகை சோறு, தாய் வீட்டுக்கு அழைத்து வருவது என்று ஊரே கூடுகிறது. இரண்டாவதற்கு வளையலும் இல்லை, வாசலில் வந்து கேட்பாரும் இல்லை. மணிமாறன் வயிற்றில் இருந்தபோது என்னை நர்ஸ் பார்த்ததே மொத்தம் மூன்று தடவைதான். மூன்றாவது தடவை கரும்பு வெட்டும் இடத்துக்கே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ என்ன சொன்னாய்? அம்மா, இங்க மொத புள்ளைக்குப் பத்து தடவ செக்கப்பு, ரெண்டாவதுக்கு ஏழு தடவ போதுமாம், இனியவன் அப்ப ஒரு தொந்தரவும் இல்லன்னு சொன்னேன், அதனால அடுத்தது இருபத்தெட்டாவது வாரம் வந்தா போதும்னு சொல்லிட்டாங்க என்றாய். சந்தோஷமாகத்தான் சொன்னாய். நீ சொன்னது பொய் இல்லை, உனக்குத் தெரிந்ததைச் சொன்னாய். பொய் என்னுடையது. இனியவன் வயிற்றில் இருந்தபோது உனக்குத் தொந்தரவு இருந்தது, கலை. எட்டாம் மாதத்தில் உனக்கு பிரஷர் ஏறியது. காலையிலும் சாயந்திரமும் சத்து மாத்திரை என்று உன் உள்ளங்கையில் வைத்தேனே, அட்டையிலிருந்து பிரித்துத் தண்ணீரோடு கொண்டுவந்து கொடுத்தேனே, அது சத்து மாத்திரை இல்லை. பிரஷர் மாத்திரை. வயிற்றில் தண்ணீர் குறைந்துவிட்டது, அதனால்தான் முன்னாடியே வலி வரவைக்கிறார்கள் என்று சொன்னதும் நான் கட்டிய கதைதான். பிரஷர் இறங்கவில்லை என்றுதான் இருபது நாள் முன்னாலேயே பெறவைத்தார்கள்.

நம்ம அமலா நர்ஸ்தான் முதலில் அளந்து பார்த்துக் கண்டுபிடித்தாள். விழுப்புரத்தில் நீ ஸ்கேனுக்கு உள்ளே போயிருந்தபோது டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு விவரம் சொல்லி, பெண்ணிடம் நீங்களே பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள் என்றார்கள். நான் பக்குவமாக மறைத்துவிட்டேன். அறைக்குள் பல்லி விழுந்தாலே படபடக்கிறவள், பிரஷர் என்று கேட்டால் இன்னும் ஏறிவிடும் என்று நினைத்தேன். இத்தனை வருஷம் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதியையும் சொல்லிவிடுகிறேன். வளைகாப்பு முடிந்து உன்னைத் திண்டிவனத்திலிருந்து அழைத்துவரும்போது உன் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, உப்பு ஒறப்பு பாத்துக் குடுங்க சம்மந்தி என்றார். என் பெண்ணுக்குச் சோறு போட எனக்குத் தெரியாதா என்று எனக்கு முணுக்கென்று கோபம். வந்த மறுநாளே நீ ஆசைப்பட்டாய் என்று கருவாட்டுக் குழம்பு, மாங்காய் ஊறுகாய், சுட்ட அப்பளம். அப்புறம் பிரஷர் என்றதும், பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்க் கெடுத்துவிட்டாள் என்று திண்டிவனத்தில் பேசுவார்களே என்று கூசினேன். அந்தக் கூச்சத்துக்காக உன் உடம்பைப் பற்றி உனக்கே சொல்லாமல் விட்டேன். நீ வெளிநாடு கிளம்பும்போது ஆஸ்பத்திரிச் சீட்டெல்லாம் கேட்டாய், எலி கடித்துவிட்டது என்றேன். எந்த எலியும் கடிக்கவில்லை. பீரோவில் உன் வளைகாப்புப் புடவைக்கு அடியில்தான் இருக்கிறது.

திங்கட்கிழமை காலையிலேயே அமலாவைப் போய்ப் பார்த்தேன். முதலில் உன் ஊர்க்காரர்களைத்தான் குறை சொன்னேன், என்னம்மா அந்த ஊரில் போய் ஏழு தடவைதான் பார்ப்பார்களாம் என்று. அவள் சிரித்தாள். அக்கா, ஏழு தப்பில்ல, மொதல்ல நல்லபடியா பெத்து, இப்பவும் நல்லா இருக்கறவங்களுக்கு அது போதும், ஆனா உங்க பொண்ணு அந்தக் கணக்குல வராது, ஒரு தடவ பிரஷர் வந்தவங்களுக்கு மறுபடியும் வரலாம், அதனால அடிக்கடி அளந்து பாக்கணும், அவங்களுக்குத் தெரிஞ்சாதானே பாப்பாங்க என்றாள். அன்னிக்கே சொன்னேன் பொண்ணுகிட்ட சொல்லிடுங்கன்னு, கேட்டீங்களா என்று ஒரு குட்டும் வைத்தாள். வாங்கிக்கொண்டேன். கருவாட்டால் வந்ததா என்று கேட்டேன். அதனால எல்லாம் வராதுக்கா, அது யாருக்கு வேணா வரும் என்றாள். ஐந்து வருஷமாகத் தூக்கிக்கொண்டிருந்த மூட்டையை ஒரு வார்த்தையில் இறக்கிவைத்துவிட்டாள். அன்றைக்கே வாய் திறந்து கேட்டிருந்தால் அன்றைக்கே இறங்கியிருக்கும்.

செவ்வாய்க்கிழமை பஸ் ஏறித் திண்டிவனம் போனேன். உன்னிடம் சொல்வதற்கு முன்னால் உன் மாமியாரிடம் சொல்லிவிட வேண்டும், பிறகு அவர் வேறு யார் வாயாலாவது கேட்கக் கூடாது என்று. வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போய், வாசலில் செருப்பை விடும்போதே அழுதுவிட்டேன். அவர் மோர் கொடுத்து உட்காரவைத்து முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? இது எனக்குத் தெரியும் சம்மந்தி, கொழந்தைய பாக்க வந்தப்ப உங்க ஃபிரிட்ஜு மேல அந்த மாத்திர அட்டைய பாத்தேன், அதே மாத்திரையத்தான் நானும் தெனம் முழுங்கிக்கினு இருக்கேன், எனக்குத் தெரியாதா, கேட்டா உங்க மொகம் சுண்டிப்பூடும்னு வாயத் தொறக்கல என்றார். நான் அவருக்குப் பயந்து மறைத்தேன், அவர் என் மனசு நோகும் என்று மறைத்தார். இரண்டு அம்மாக்கள் ஒருவர் மானத்தை ஒருவர் காப்பாற்றிக்கொண்டு, நடுவில் உன்னை ஒன்றும் தெரியாமல் விட்டுவிட்டோம். அப்புறம் அவரே, எழுதறப்ப எம் பேரையும் சேத்து எழுதுங்க, திட்டறதுன்னா ரெண்டு பேரையும் சேத்துத் திட்டட்டும் என்றார். பஸ் ஏற்றிவிட ஸ்டாண்டு வரைக்கும் கூடவே வந்தார். நல்ல மனுஷி கலை. இத்தனை நாள் நான்தான் அவரை மாமியாராகவே பார்த்திருக்கிறேன்.

ஆகவே கண்ணு, நீ செய்ய வேண்டியது இதுதான். இருபத்தெட்டாவது வாரம் வரைக்கும் காத்திருக்காதே. இப்போது இருபத்திரண்டு, நடுவில் ஆறு வாரம் இருக்கிறது. நாளைக் காலையிலேயே மிட்வைஃப் என்று நீ சொல்கிற, அந்தப் பிரசவம் பார்க்கும் அம்மாவுக்குப் போன் போட்டு, என் தாயார் மறைத்துவிட்டார், இப்போதுதான் சொன்னார் என்று சொல்லு. என் பேரைச் சொல்ல வெட்கப்படாதே, எனக்கு அங்கே யாரையும் தெரியாது. சீட்டுகளையும் மணிமாறன் படம் பிடித்து இதோடு அனுப்புகிறான். அதில் முதல் சீட்டில் பிரஷர் நூற்று நாற்பத்தெட்டுக்குத் தொண்ணூற்றாறு என்று இருக்கும், கடைசிச் சீட்டில் அதற்கும் மேலே. ஏழு தடவையா, பத்தா, பதினைந்தா என்று அவர்களே சொல்லட்டும், ஆனால் உண்மையைத் தெரிந்துகொண்டு சொல்லட்டும். விடாத தலைவலி, கண் முன்னால் மின்னுவது, விலாவுக்குக் கீழே வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, பிள்ளை துடிப்பு குறைவது, இதில் எது வந்தாலும் தேதி பார்க்காமல் உடனே கிளம்பச் சொன்னாள் அமலா. மாப்பிள்ளையிடமும் இதைக் காட்டு. ஆபீஸ் வேலை, இனியவன் ஸ்கூல் என்று ஒரு தடவையைக்கூடத் தள்ளிப்போடாதே. பயப்படாதே என்று எழுத வந்தேன், எழுத மாட்டேன். பயந்தால் பயந்துகொள், அதோடேயே போய்க் காட்டிவிட்டு வா. பயந்துவிடுவாய் என்று நினைத்துத்தானே இத்தனையும் செய்தேன்.

என்மேல் கோபம் வந்தால் இரண்டு நாள் பேசாமல் இரு, மூன்றாம் நாள் பேசு. நீயும் உன் பிள்ளைகளும் பதினாறும் பெற்று நூறு வயது இருக்க வேண்டும். சுகமாகப் பெற்றுப் பிழைத்து எழ வேண்டும். அப்பாவின் ஆசீர்வாதம். அவருக்கும் நேற்றுதான் சொன்னேன், சாப்பிடாமல் எழுந்து கொல்லைக்குப் போய்விட்டார், ராத்திரி வந்து பிள்ளைக்கு எழுதிட்டியா என்று மட்டும் கேட்டார்.

இப்படிக்கு,
உன் அம்மா வீரம்மாள்,
திண்டிவனம் அம்மாவும் சேர்ந்து.

ஒன்று மறந்துவிட்டேன். இனியவன் சமயத்தில் உன் கால் வீங்கி மெட்டி இறுகிப்போய், எண்ணெய் தடவிக் கழற்றினேனே, நினைவிருக்கிறதா? மாசமாக இருந்தால் எல்லாருக்கும் அப்படித்தான் என்றேன். கால் வீக்கத்தை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, அளந்துதான் பார்க்க வேண்டும் என்று அமலா இப்போதும் சொல்கிறாள். ஆனாலும் நீ ஒரு மாதமாக வீடியோவில் கழுத்து வரைக்கும்தான் காட்டுகிறாய். நானும் உன்னைப் பெற்றவள்தானே, எனக்குப் பயம் காட்டக் கூடாது என்று நீ என்ன மறைப்பாய் என்பது எனக்குத் தெரியும், அதை உனக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான். இந்த ஞாயிற்றுக்கிழமை முகத்தைக் காட்டாதே. காலைக் காட்டு.