ஈரப் போர்வை காட்டிக்கொடுத்த கசிவு

என் வாலுப் பெண்ணுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் உடம்புக்குக் குறையொன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே அப்படித்தான் இருக்கிறாய் என்று போனில் சொல்கிறாய், அதில் பாதியைத்தான் நம்ப வேண்டும் என்கிறாள் அம்மா. அவளுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை, மாடிப்படி ஏறாதே என்று சொன்னால் அன்றைக்குப் பார்த்துத்தான் பத்து தடவை ஏறுவாள். கண்ணாடிக் கடை வழக்கம்போல ஓடுகிறது, இப்போதெல்லாம் கண் பார்த்துக்கொள்ள வருகிறவர்கள் சுவரில் இருக்கும் எழுத்தைப் படிக்கச் சொன்னால் கையில் இருக்கும் போனைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். போனில் சொல்லக் கூடாதா, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ அம்மாவிடம் அரை மணி நேரம் பேசுகிறாய், பிறகு என் முறை வரும், சாப்பிட்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களாப்பா என்று இரண்டே கேள்வி, ஆச்சும்மா என்பேன், சரிப்பா வெச்சிடறேன் என்பாய். ஆறு வருஷமாக இப்படியே போகிறது. நான் சொல்ல வேண்டியது அந்த இரண்டு கேள்விக்குள் அடங்காது. உன் படகைப் பற்றித்தான். படகு என்றதும் மடித்து வைத்துவிடாதே, கடைசிவரை படி.

எதிர்வீட்டுப் பல் டாக்டரின் மகள் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொள்கிறாளாம், உங்க பொண்ணு படகு சும்மாதானே கெடக்கு, கொடுங்களேன் என்று போன மாதம் கேட்டார். கொடுப்பதற்கு முன்னால் தண்ணீர் உள்ளே போகிறதா என்று பார்க்காமல் கொடுக்கக் கூடாது என்று அதைக் கொட்டகையிலிருந்து இழுத்துக் கொல்லையில் இரண்டு பெஞ்சின் மேல் குப்புறப் போட்டேன். கசிவு பார்க்கிற விதம் உனக்கு மறந்திருக்காது, இருந்தாலும் என் தப்பு உனக்கு விளங்க வேண்டும் என்பதால் விவரமாக எழுதுகிறேன். படகுக்கு இரட்டைத் தளம், நடுவில் வெறும் காற்று, பின்பக்கம் தண்ணீர் வடிக்க ஓர் ஓட்டை, அதற்கு ஒரு திருகு மூடி. அந்த ஓட்டையில் ரப்பர் குழாயைச் செருகி வாயால் ஊத வேண்டும், பம்பு வைத்தால் ஒட்டு விட்டுப்போகும். ஊதிக்கொண்டே ஒட்டுகள் மேலெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவினால், எங்கே நுரை கொப்புளிக்கிறதோ அங்கே ஓட்டை. இரண்டு நாள் கன்னம் வலிக்க ஊதினேன், ஒரு கொப்புளம் வரவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னாலும் இதேபோல்தான் ஊதினேன், அன்றைக்கும் வரவில்லை.

மூன்றாம் நாள் நான் கொல்லைக்குப் போனால், அம்மா என் படகில் துணி காயப்போட்டிருக்கிறாள். துணிக்கொடி கட்டுகிற இடத்தை நான் அடைத்துவிட்டேனாம், அதனால் நடுவில் தண்ணீருக்குள் இறக்குகிற பலகையை அதன் கூட்டுக்குள்ளிருந்து மேலே தள்ளி நிறுத்தி, அதற்கும் ஜன்னல் கம்பிக்குமாகக் கயிறு கட்டி, இரண்டு ஈரப் போர்வையைத் தொங்கவிட்டுவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு, வாயில் குழாய் இருந்ததால் அவள் தப்பித்தாள். கையைக் காட்டிக் கையைக் காட்டித் திட்டிக்கொண்டே ஊதினேன், அவள் அதைக் கண்டுகொள்ளாமல், என்னங்க, இங்க நுரை கொதிக்குதே என்றாள். பலகைக் கூடு அடித்தளத்தோடு சேருகிற ஒட்டில், ஒரு விரல் நீளத்துக்கு நுரை. போர்வையை எடுத்தேன், நின்றுவிட்டது. மறுபடி போட்டேன், மறுபடி வந்தது. ஏழெட்டுத் தடவை செய்து பார்த்தேன், கடைசியில் அம்மாவே போர்வையைப் பிடுங்கிக்கொண்டு, ஊருக்கெல்லாம் கண்ணு பாத்துச் சொல்ற ஆளு, இது இவ்வளவு நாளா தெரியலியா என்றாள். நான் குழாயைக் கீழே போட்டுவிட்டுப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

பலகையைப் பக்கவாட்டில் இழுத்தால் மட்டும் வாய் திறக்கிற ஓட்டை அது. நல்ல காற்றில் படகு சாய்ந்து போகும்போது தண்ணீர் அந்தப் பலகையைப் பக்கவாட்டில்தானே தள்ளும். ஆறு வருஷத்துக்கு முன்னால் நீ கவிழ்ந்த அன்றைக்கும் ஏரியில் அப்படித்தான் காற்று. உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஏறி, படகு கனத்து, நீ திருப்பின பக்கம் திரும்பாமல் கவிழ்ந்துபோய், முக்கால் மணி நேரம் அதன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குளிரில் கிடந்தாய். நான் கடையைப் போட்டது போட்டபடி ஓடிவந்தபோது படகைக் கரையில் ஏற்றியிருந்தார்கள், பின்பக்க ஓட்டை திறந்து கிடந்தது, தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, மூடியைக் காணோம். உதடு நீலமாக நடுங்கிக்கொண்டு நின்ற உன்னைத் துண்டால் போர்த்துவதை விட்டுவிட்டு, ஒரு மூடி போடத் தெரியாதவளுக்குப் படகு எதுக்கு என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன். போட்டேன்பா என்றாய். மூன்று தடவை சொன்னாய், எண்ணிக்கை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அடுத்த வாரம் பலகையைக் கழற்றி வைத்துவிட்டு ஊதிப் பார்த்தேன், நுரை வராததும் பாத்தியா என்று உன் காலடியில் சோப்புப் பிரஷ்ஷைப் போட்டேன். பலகை இல்லாமல் எப்படி வரும்? நீ கவிழ்வதற்கு இரண்டு மாதம் முன்னால் அந்த இடத்தை ஒட்டினதும் நான்தான், ஈரம் முழுசாகக் காயும்வரை பொறுக்காமல் அவசரப்பட்டுப் பசை வைத்தேன். என் வேலையில் குறை இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, உன் வார்த்தையில் இருக்கும் என்று தோன்றியது. அடுத்த மாதம் நீ வெளியூரில் கிடைத்த அந்த வேலையை ஒத்துக்கொண்டு போய்விட்டாய்.

கசிவு கிடைத்துவிட்டது, சரி, அப்படியென்றால் மூடி எங்கே போனது என்று மண்டையைக் குடைந்தது. மறுநாளே ஏரிக்கரைக்குப் போய், உன்னைக் காப்பாற்றிக் கொண்டுவந்த மோட்டார் படகுக்காரரைப் பிடித்தேன், தலையெல்லாம் நரைத்துவிட்டது அவருக்கு. கேட்டேன். நாந்தான் சார் தொறந்தேன், தண்ணிக் கனத்தோட மேட்டுல ஏத்த முடியல, பாப்பா நல்லா இறுக்கிப் போட்டிருந்துது, குறடு வெச்சுத்தான் கழட்டினேன் என்றார். சொல்லிக்கொண்டே மேசை டிராயரைத் துழாவி அதை எடுத்து என் கையில் வைத்தார். நீ நகப்பூச்சால் வைத்த சிவப்புப் பொட்டு அப்படியே இருக்கிறது. ஏன் சார் அன்னிக்கே சொல்லல என்று கேட்டேன். நீங்க கேக்கவே இல்லியே, கத்திட்டுப் போயிட்டீங்க என்றார்.

நீ மூடியைப் போட்டிருந்தாய், மகளே. தப்பு என்னுடையது, ஒட்டினதும் நான், உன்னை நம்பாததும் நான். என்னை மன்னித்துவிடு என்று எழுத ஒரு வரி போதும், அதற்கு எனக்கு மூன்று தாள் வீணாகிவிட்டது. உன் ஆபீஸுக்குப் பக்கத்தில் ஒரு ஏரி இருக்கிறதாம், மத்தியானம் நீ நடந்துபோய்ச் சின்னப் பாய்மரப் படகுகளைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, ஏறாமல் திரும்பிவிடுகிறாயாம், அம்மா சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்னைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது, சாதாரணமாக இல்லை, ரொம்ப. கடைக்கு உன் வயசுப் பெண் யாராவது வந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுத்தைப் படித்தால், நீ பாயைப் பார்த்துக் கண்ணைச் சுருக்குவது ஞாபகம் வந்து, எந்தக் கண்ணாடி போட்டேன் என்பதை மறந்துவிடுகிறேன்.

பழைய பசையைச் சுரண்டி எடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இந்தத் தடவை பத்து நாள் வெயிலில் காயவிட்டேன். அம்மா தினமும் கையை வைத்துப் பார்த்து, போதும் என்று அவள் சொன்ன பிறகுதான் கண்ணாடியிழைத் துணி வைத்துப் புதுப் பசை போட்டேன். இப்போது நாலு போர்வை தொங்கவிட்டாலும் நுரை வரவில்லை. பல் டாக்டரிடம் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன், படகு என்னுடையதில்லை, அதன் சொந்தக்காரியைக் கேட்காமல் கொடுக்க முடியாது என்றேன். சரிதான் என்று சிரித்துவிட்டுப் போனார். கொடுத்துவிடுங்கள் என்று நீ சொன்னாலும் எனக்கு வருத்தமில்லை. பொய், வருத்தம்தான், ஆனாலும் கொடுத்துவிடுகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே, அம்மாவிடம் மறைக்கிற பாதியை என்னிடமாவது சொல். எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், நீ சொல்கிற சொல்லை முதல் தடவையிலேயே நம்புகிறவர்கள் உன்னைச் சுற்றி இருக்க வேண்டும், அதுவே என் ஆசீர்வாதம்.

ஒன்றை மறந்துவிடாதே. படித்து முடித்ததும் உறையைத் தூக்கிப் போட்டுவிடாமல் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டு. மூடியை உள்ளே வைத்திருக்கிறேன். இங்கே வேறு மூடி கிடையாது, வாங்கவும் மாட்டேன், அதனால் நீ கொண்டுவரும்வரை படகு கரையில்தான் இருக்கும்.

அன்றைக்குப் போர்த்தாத துண்டோடு காத்திருக்கும்,
அப்பா