தை மாதத்தில் என் மகளுக்குத் திருமணம் இல்லை

அனுப்புநர்
தா. ஜெபகுமார்,
பட்டதாரி ஆசிரியர் (சமூக அறிவியல்), பணி ஓய்வு,
முடிச்சூர், மேற்குத் தாம்பரம்,
சென்னை.

பெறுநர்
உயர் அலுவலர் அவர்கள்,
குறுகிய காலப் பயண விசாப் பிரிவு,
நெதர்லாந்து அரசு.

பொருள்: எனக்கும் என் மனைவி ரோஸிக்கும் விசா மறுக்கப்பட்டது – மறுப்பு சரியானதே – தவறு என்னுடையது – ஆயினும் மறுபரிசீலனை வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். இம்மனுவைத் தமிழில் எழுதுவதற்குப் பொறுத்தருள வேண்டும். தங்கள் அலுவலகத்திலிருந்து எங்களிடம் தொலைபேசியில் பேசிய அம்மையார் மிக நல்ல தமிழ் பேசினார். அவர் கண்ணில் இது படும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

1. எங்கள் ஒரே மகள் பெனிட்டா, தங்கள் நாட்டின் டெல்ஃப்ட் நகரில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்திருக்கிறாள். வரும் நவம்பர் 26 அன்று தன் ஆய்வேட்டை அவையின் முன் நிலைநாட்ட வேண்டும். பேராசிரியர்கள் அங்கியணிந்து உட்கார்ந்து கேள்வி கேட்பார்களாம். குறித்த நேரம் ஆனதும் ஒருவர் கோலோடு உள்ளே வந்து நேரம் முடிந்தது என்பாராம். அதோடு கேள்வி நின்றுவிடுமாம். இவை எல்லாம் எங்கள் பள்ளியிலும் உண்டு. அங்கிக்குப் பதில் சட்டை, கோலுக்குப் பதில் மணி. என்னை வியக்கவைத்தது வேறு. அந்த அறையில் பெற்றோரும் உட்காரலாமாம். முதல் வரிசையிலேயே இடம் உண்டாம். தேர்வு நாட்களில் பள்ளி வாசலில் நின்று, "உள்ள வரக் கூடாதும்மா, பிள்ளைய நாங்க பாத்துக்கிறோம்" என்று தாய்மார்களைத் திருப்பி அனுப்புவதே என் பணிக்காலத்தில் எனக்குத் தரப்பட்ட தனிப் பொறுப்பு. பிள்ளை தேர்வெழுதுவதைப் பெற்றோர் பார்க்கலாம் என்று சட்டம் வைத்திருக்கும் நாட்டை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

2. அந்த நாளுக்காகத்தான் விசா கேட்டோம். தாங்கள் கேட்ட ஆவணங்களில் பெனிட்டாவின் அழைப்பு, தங்குமிடச் சான்று, மருத்துவக் காப்பீடு, விமான முன்பதிவு, வங்கிக் கணக்கு விவரம் ஆகிய அனைத்தும் சரியாகவே இருந்தன. அவற்றை ரோஸி அடுக்கினார். அவர் தபால் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவர் கட்டிய கட்டு அவிழ்ந்ததாக வரலாறு இல்லை. மிச்சமிருந்தது முகப்புக் கடிதம் ஒன்றுதான். ஏன் போகிறோம், ஏன் திரும்பி வருவோம் என்று நாமே நம் சொற்களில் எழுத வேண்டிய கடிதம். அதை நான் எடுத்துக்கொண்டேன்.

3. எங்கள் பகுதியின் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். பக்கத்துத் தெருவில் பத்ரிநாராயணன் என்ற நண்பர் இருக்கிறார். வங்கியில் இருந்தவர். சில ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் இருக்கும் மகனைப் பார்க்க அவரும் ஒரு முகப்புக் கடிதம் எழுதினார். முதல் முயற்சியிலேயே விசா கிடைத்தது. அன்று முதல் அந்தக் கடிதம் ராசியான கடிதம் என்று பெயர் பெற்றுவிட்டது. உறைமோர் வாங்கிப்போவது போல வீட்டுக்கு வீடு வாங்கிப்போனார்கள். பெயரை மாற்றினார்கள், பாஸ்போர்ட் எண்ணை மாற்றினார்கள், வேறெதையும் தொடவில்லை. தொட்டால் ராசி போய்விடுமாம். யார் யார் வாங்கினார்கள் என்று சொல்ல மாட்டேன். யார் யாரைப் பார்த்து எழுதினான் என்று காட்டிக்கொடுக்கும் மாணவனை நான் என்றும் ஊக்குவித்ததில்லை. பத்ரிநாராயணன் பெயரை மட்டும் அவர் சம்மதத்துடன் எழுதுகிறேன். அவர் எழுதியது அவர் வரையில் முழு உண்மை.

4. அந்த உண்மைகள் வருமாறு: படப்பையில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம், தளம் போட்டாயிற்று, மீதி வேலைக்கு உடன் திரும்ப வேண்டும். மகளுக்கு வரும் தை மாதம் சிங்கப்பெருமாள் கோவிலில் திருமணம். அதற்கும் திரும்ப வேண்டும். அவருடைய மகள் ஸ்ரீவித்யாவுக்கு அந்தத் தையிலேயே திருமணம் முடிந்தது. இப்போது இரண்டு குழந்தைகள். படப்பை வீட்டில் வாடகைக்கு ஆள் இருக்கிறது. ஆனால் எங்கள் பகுதியிலிருந்து தங்களுக்கு வந்த கடிதங்களில் அந்தத் தளம் இன்றுவரை காய்ந்துகொண்டிருக்கும். அந்தத் திருமணமும் ஆண்டுதோறும் நடந்துகொண்டிருக்கும்.

5. நான் படிக்காமல் கையெழுத்திட்டேன் என்று தாங்கள் நினைக்க வேண்டாம். படித்தேன். படப்பை என்ற சொல் வந்ததும் படிப்பதை நிறுத்தி, "சார், எனக்கு அங்க வீடே இல்லையே" என்று பத்ரிநாராயணனிடம் கேட்டேன். "ஓய், பேரை மட்டும் மாத்தும். மத்ததுல கை வைக்காதேயும். அவா கேக்கறது அந்த ஃபார்மட்டைத்தான்" என்றார். ரோஸி மட்டும், "அடுத்தவங்க சட்டைய வாங்கி மாட்டிக்கிட்டுப் போனா, கை எங்க தொங்குதுன்னு பாக்கிறவங்களுக்குத் தெரியாதாங்க?" என்றார். நான் நண்பர் பக்கம் நின்றேன்.

6. ஏன் நின்றேன் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். எங்கள் பள்ளிகளில் விடுப்புக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுக்கும்போது, காய்ச்சல் காரணமாக வர இயலவில்லை என்றே சொல்லிக்கொடுப்போம். ஆகவே பிள்ளைகள் எல்லோருக்கும், எல்லாக் காலத்திலும், காய்ச்சல்தான். ஒருமுறை வலது காலில் மாவுக்கட்டுப் போட்ட பையன் ஒருவன் நண்பன் தோளைப் பிடித்து நொண்டி வந்து, காய்ச்சல் என்று எழுதிய கடிதத்தை என்னிடம் நீட்டினான். "என்னடா இது?" என்றேன். "லெட்டர்ல அப்படித்தான் சார் எழுதணும்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. கடிதம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நம்பினான். அன்று வகுப்போடு சேர்ந்து நானும் சிரித்தேன். இன்று அவன் இடத்தில் நான் நிற்கிறேன். சிரிக்கும் உரிமை தங்களுடையது.

7. அடுத்து நடந்தது தங்கள் அலுவலகக் குறிப்பிலும் இருக்கலாம். செப்டம்பர் இறுதியில் ஒரு காலை, மேற்படி அம்மையார் அழைத்தார். இருவரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். "உங்க மகளுக்குக் கல்யாணம் எப்போ சார்?" என்று கேட்டார். கடிதத்தை மனப்பாடம் செய்திருந்த நான், "தை மாசம்ங்க" என்றேன். அதே நொடியில், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த ரோஸி, "யாருக்குக் கல்யாணம்? இன்னும் பையனே பாக்கலையே!" என்றார். "எங்க சார் கல்யாணம்?" என்றார் அம்மையார். அப்போதாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். "சிங்கப்பெருமாள் கோவில்ல" என்றேன். ரோஸி கீரையைக் கீழே வைத்துவிட்டு, "ஏங்க, நாம சி.எஸ்.ஐ.ங்க!" என்றார். மறுமுனையில் ஒரு சத்தம் கேட்டது. அம்மையார் சிரிப்பை அடக்கினாரா, இணைப்பில் கோளாறா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. "சரிங்க சார், நன்றி" என்று மரியாதையாகவே முடித்தார்.

8. பயண நோக்கம் குறித்தும் திரும்பி வருவது குறித்தும் தந்த விவரங்கள் நம்பத்தக்கவையாக இல்லை என்று விசா மறுக்கப்பட்டது. இதைவிடச் சரியான தீர்ப்பு இருக்க முடியாது. பத்து விடைத்தாள்களில் ஒரே தவறான விடை, ஒரே இடத்தில் ஒரே அடித்தல் திருத்தலோடு இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

9. பெனிட்டாவிடம் சொன்னபோது முதலில் சிரித்தாள். "அப்பா, எனக்குக் கல்யாணமாமே? மாப்பிள்ளை யாருன்னு சொன்னா நானும் லீவு போட்டுட்டு வருவேன்" என்றாள். பிறகு, "பரவால்லப்பா. லிங்க் அனுப்புறேன். டி.வி.யில கனெக்ட் பண்ணிப் பாருங்க. கவலைப்படாதீங்க" என்றாள். ஐயா, அவள் கவலைப்படாதீங்க என்று சொல்லும்போது மட்டும்தான் நான் கவலைப்படுவது வழக்கம். இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் அவள் அதைச் சொன்னாள். அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்து மாடிப்படியில் ஒவ்வொரு படியாக ஏறியது. நானும் ரோஸியும் மேல்படியில் உட்கார்ந்து ஜெபித்தோம். அவள் இரண்டு படி கீழே உட்கார்ந்து, ஒரு படி மூழ்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் தண்ணீர் எங்கே நிற்கிறது, பெரும்பாக்கத்துப் பக்கம் ஏன் வடிவதில்லை என்பதுதான் அவள் ஆய்வு. நவம்பரில் அவளைக் கேள்வி கேட்கப்போகிறவர்கள் பெரிய அறிஞர்கள். ஆனால் அந்தப் படிக்கட்டில் அவளோடு இருந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே.

10. எனவே, யாரிடமும் வாங்காமல், உள்ளபடி எழுதுகிறேன். படப்பையில் எனக்கு வீடு இல்லை. முடிச்சூரில் இருக்கிறது, முழுதாகக் கட்டியது. மகளுக்கு எந்த மாதத்திலும் திருமணம் நிச்சயமாகவில்லை. நாய், பசு, வியாபாரம் எதுவும் இல்லை. வடகிழக்குப் பருவமழையில் முடிச்சூர் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்கள் திரும்பி வருவார்களா என்று தாங்கள் ஐயப்பட்டால் அதில் நியாயம் உண்டு. ஆனால் கிறிஸ்துமஸ் பாட்டுக்குழுவில் தாழ்ந்த குரலில் பாட ரோஸியைத் தவிர ஒருவர்தான் இருக்கிறார். அவருக்கும் டிசம்பரில் தொண்டை கட்டும். மேலும், விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது எங்கள் மொழியில் உள்ள விதி. தங்கள் விசா தொண்ணூறு நாள் வரை தங்க இடம் தருகிறது. அந்த அளவுக்கு எங்கள் விதியைத் தளர்த்த எங்களால் இயலாது. பன்னிரண்டு நாள் கேட்டிருக்கிறோம். அதுவே பெனிட்டாவின் சமையலறைக்கு அதிகம் என்பது ரோஸியின் கருத்து.

11. முறையிடலாம் என்று மறுப்புக் கடிதத்தின் இறுதிப் பக்கம் சொல்கிறது. அந்த வழியில், பழைய முகப்புக் கடிதத்தை நீக்கி, மேற்கண்ட விவரங்களை அதன் இடத்தில் வைத்து, எங்கள் விண்ணப்பத்தை நவம்பர் 26-க்கு முன் மீண்டும் பார்வையிடுமாறு பணிவன்புடன் வேண்டுகிறேன். பத்ரிநாராயணனும் தம் கடிதத்தை இனி எவருக்கும் தருவதில்லை என்று வாக்களித்திருக்கிறார்.

12. ரோஸி பத்தி 11 வரை படித்துக் கையெழுத்திட்டுப் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருக்கிறார். அவருக்குத் தெரியாமல், மிஞ்சிய இடத்தில் இதைச் சேர்க்கிறேன். இருவருக்கும் தர விதி இடம் தராவிட்டால், அவருக்கு மட்டுமாவது தாருங்கள். கடிதத்தை எடுத்துக்கொண்டவன் நான், அவர் அல்லர். தொலைபேசியில் உண்மை சொன்னவரும் அவர்தான். அவர் திரும்பி வருவதற்குப் பிணையாக நான் இங்கே இருப்பேன். எனக்காகத் திரும்பி வருவாரா என்று தாங்கள் கேட்டால், என் மீது உள்ள பற்றினால் இல்லாவிட்டாலும், நான் கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கவாவது வருவார். பத்தி 12 குறித்து அம்மையார் பேச நேர்ந்தால், ஸ்பீக்கரில் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: முடிச்சூர்
நாள்: 14.10.2025

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
தா. ஜெபகுமார்
ஜெ. ரோஸி

(வேறு கையெழுத்தில்)

மேடம், நான் ரோஸி. தபால் துறையில் இருந்தவரை அடுத்தவர் கடிதத்தைப் பிரித்ததில்லை. இந்த உறையை மட்டும் எடை போடுவதற்கு முன் பிரித்தேன். கையெழுத்துப் போட்ட பிறகு கடைசித் தாள் கனமாகிவிட்டது போலத் தெரிந்தது. பத்தி 12-ஐத் தயவுசெய்து தள்ளுபடி செய்யவும். தந்தால் இருவருக்கும் தாருங்கள். இல்லையென்றால் இருவருக்கும் இல்லை என்று சொல்லுங்கள், டி.வி.யில் பார்த்துக்கொள்கிறோம். நான் மட்டும் போய் இறங்கினால் பெனிட்டா கேட்கும் முதல் கேள்வி, அப்பா எங்கம்மா என்பதுதான். அதற்குக் காட்ட என்னிடம் எந்த ஆவணமும் கிடையாது.