சர்க்கரைக் கிண்ணத்தில் திருகாணி

வர்ஜில்,

மான்கறிக் குழம்பு ஃபிரிட்ஜில் இருக்கிறது. சுடவைத்து, நின்றுகொண்டே சாப்பிடு. உட்கார இடம் ஏது? ஒரு வாரமாகச் சாப்பாட்டு மேஜை உன் துப்பாக்கிப் பட்டறை. தபாலில் வந்த புதுத் தோள்கட்டை, அதன் முனைக்கு ரப்பர் மெத்தை, குறிபார்க்கும் ஸ்கோப், காலிப் பெட்டிகள். இன்று என் காபிக்குள் ஒரு திருகாணி வந்தது. மீதி இரண்டு சர்க்கரைக் கிண்ணத்தில் இருக்கின்றன.

நேற்று என் தம்பி டுவைட் முன்னால் நான் சிரித்தது தப்புதான். "அளக்கத் தெரியாம கட்டைய வெட்டிட்டியே, ஆறடி ஆளுக்குப் பொம்மைத் துப்பாக்கியா?" என்றேன். நீ பாட்டுக்கு ரப்பர் மெத்தையைப் பொருத்திக்கொண்டிருந்தாய்.

இன்று காலையில் மேஜை துடைக்கத் துப்பாக்கியை எடுத்தேன். குண்டு இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டுத் தோளில் வைத்தேன். கழுத்தை நீட்டவே வேண்டியிருக்கவில்லை. ஸ்கோப் கண்ணுக்கு நேராக, புருவத்துக்கு நான்கு விரல் தள்ளி நின்றது. போன வருடம் இதே துப்பாக்கி உதைத்து, ஸ்கோப் இடித்து, என் புருவத்தில் மூன்று தையல் போட்டார்களே, அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மடையா, "உனக்குத்தான் வெட்டினேன்" என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

சனிக்கிழமை மான் வேட்டைப் பருவம் தொடங்குகிறது. இன்று சாயங்காலம் கல்குவாரிக்குப் போய்க் குறி சரிபார்க்கலாம். முதல் குண்டை நான்தான் சுடுவேன்.

நாடீன்

பி.கு.: மதியம் டுவைட் வருவான். குழம்பு கொடு, துப்பாக்கியைத் தொட விடாதே. "ஏன் அத்தான்?" என்று கேட்டால், "இது உங்க அக்கா அளவுடா" என்று சொல்.