இடது கையில் வந்த ஈட்டி

என் கண்ணுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பா வழக்கம்போல மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுகிறார்.

நேற்று பள்ளிகளுக்கிடையிலான ஈட்டி எறிதல் போட்டி. ஐந்தாவது வீச்சில் என் மாணவி முதலிடத்துக்கு வந்துவிட்டாள். ஆனால் எப்போதும் எறிந்த கையிலேயே ஈட்டியைத் தூக்கி வருகிறவள், இந்த முறை இடது கையில் கொண்டு வந்தாள்.

"வலிக்குதா?"

"இல்ல டீச்சர். இன்னும் ஒண்ணு எறிஞ்சா ரெக்கார்டே போயிடும்."

அந்த ரெக்கார்டு உன்னுடையது. பதினோரு வருடமாக நிற்கிறது.

"பொய் சொல்லாத. ஷூவைக் கழட்டு" என்றேன். அவள் அழுதாள். அவளுடைய அப்பா எல்லார் முன்னாலும் கத்தினார்: "உங்க பொண்ணு ரெக்கார்டு போயிடக் கூடாதுன்னுதானே நிறுத்துறீங்க?"

கல்லூரியில் நான் எறிந்த காலத்தில் என் முழங்கையும் இப்படித்தான் போனது. அந்த அறிகுறி எனக்குத் தெரியாமல் இருக்குமா?

உன் முழங்கை ஆபரேஷன் அன்று டாக்டரிடமும் அப்பாவிடமும், "வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லலையே இவ" என்று புலம்பினேன். நீ மறுத்துப் பேசவில்லை. இன்றும் குழந்தையை இடது கையால்தான் தூக்குகிறாய். அப்பா இன்றும் உன்னைத்தான் குறை சொல்கிறார்.

ரெக்கார்டு போட்ட அந்தக் கடைசி வீச்சுக்கு முன்னால், நீயும் ஈட்டியை இடது கையில்தான் கொண்டு வந்தாய்.

நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான், "போ, எறி" என்றேன்.

அம்மா